வக்கீலைச் சுவரில் மாட்டிய ஊர்

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் மறைத்த பெரிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதையும் புதுச்சேரிக்குப் போய் நாலே நாளில் போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் மாயவரத்தில் வக்கீல். அவர் பெயரைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் எழுதவும் கை வரவில்லை. ஊரார் அழைக்கிறபடி வக்கீல் என்றே எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் கிறிஸ்தவக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே ஒரு சிஸ்டர் எனக்கும், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தெரேஸுக்கும் சித்திரம் கற்றுக்கொடுத்தார். தெரேஸ் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் அமலோர் அங்கே ‘மேரி’ என்று சொல்கிற நகரசபை ஆபீசில் எழுத்தர். தெரேஸ் படம் போடுவதை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

அந்த வருஷம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் புதுச்சேரியில் மூன்று சித்திரக் கண்காட்சிகள் திறக்கப் போகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் திறப்பு நாள் மாலையில் விருந்துண்டு, அதில் ஒன்றுக்கு வெளியூர்க்காரர்களும் படம் அனுப்பலாம், நீ ஒன்று அனுப்பு என்று எழுதியிருந்தாள். நான் ஒரு படத்தைச் சுருட்டித் தகரக் குழாயில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வக்கீலிடம், தெரேஸ் கூப்பிடுகிறாள், கோர்ட்டும் லீவு, கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டு சரி என்றார்.

படத்தை ஏன் மறைத்தேன் என்றால், படமே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் சட்டையில்லாமல் படுத்து, வயிற்றின்மேல் பத்திரிகை சரிய, கண்ணாடி நெற்றிக்கு ஏற, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற வக்கீல்.

உப்புச் சத்தியாக்கிரகம் ஓய்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராஜ்யம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். எல்லையில் சுங்கக்காரர்கள் ரயிலில் ஏறி, வக்கீலின் ஊறுகாய் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். என் வர்ணப் பெட்டியைப் பார்த்து இது என்ன மருந்து என்று கேட்டார்கள். மருந்தில்லை, சாயம் என்றேன். அவர்களில் ஒருவர் எந்த நோய்க்கு என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார். கடல் தாண்டாமலே வெளிநாடு வந்துவிட்டோம் என்று வக்கீலுக்கு ஒரே பெருமிதம். ஸ்டேஷனில் நின்ற போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைச் சுற்றி வந்து பார்த்தார்.

அந்த ஊரில் ‘புஸ்புஸ்’ என்று ஒரு வண்டி. ஆள் பின்னால் நின்று தள்ளுவான்; முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு நீண்ட கம்பி இருக்கும், அதைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். அதாவது வழியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வக்கீல் கம்பியைப் பிடித்தார். பெரிய வாய்க்கால் ஓரம் வரைக்கும் நன்றாகவே போனோம். அங்கே எதிரில் ஒரு பாதிரியார் சைக்கிளில் வந்தார். வக்கீல் மரியாதைக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார். கம்பியை விட்டதும் வண்டி தானாகத் திரும்பி வாய்க்கால் சுவரில் போய் முட்டி நின்றது.

வண்டிக்காரர் நிதானமாக முன்னால் வந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். “கும்புடறதுன்னா சொல்லிட்டுக் கும்புடுங்க சாமி, நான் நிறுத்திக்கறேன்” என்றார்.

தெரேஸ் வீடு வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருவில். எங்களுக்காகப் புதுச் சட்டி பானை வாங்கி, மீன் வாசனையே படாமல் தனி அடுப்பில் சமைத்திருந்தாள். ஆனால் வக்கீலை மயக்கியது சமையல் இல்லை, ரொட்டி. முழ நீளத்துக்கு, மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் ரொட்டியைக் காலையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அமலோர் அதைக் கையால் பிய்த்து வெண்ணெய் தடவிக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடக் காட்டிக் கொடுத்தார். வக்கீல் முதல் நாளே முக்கால் முழம் சாப்பிட்டார். மாயவரத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.

இரண்டாம் நாள் மாலை முதல் திறப்பு. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் தெருவில் ஒரு நீதிபதியின் மனைவி தன் வீட்டுக் கூடத்திலேயே பூப்படங்களை மாட்டியிருந்தார். நாற்பது படம், நாற்பதும் பூ. வாசலில் எங்களை ‘முசே, மதாம்’ என்று அழைத்துக் கை நீட்டினார்கள். வக்கீல் கும்பிட்டார். இங்கே கம்பி இல்லாததால் சேதம் இல்லை.

நின்றுகொண்டே சாப்பிடுவது எங்களுக்குப் புதிது. தட்டில் சின்னச் சின்னதாக ஏதேதோ வந்தது. எதில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்று தெரேஸ் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது வறுத்த முந்திரி. சிவப்பாக ஒரு கிளாஸை வக்கீல் கையில் கொடுத்துவிட்டார்கள். அது என்ன என்று தெரிந்ததும் கீழே வைத்தார். உடனே இன்னொரு கிளாஸ் வந்தது. அதையும் வைத்தார், மூன்றாவது வந்தது. அப்புறம் அவர் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்: கையில் கிளாஸ் இருக்கும்வரை யாரும் இன்னொன்றை நீட்டுவதில்லை. அதனால் மாலை முழுவதும் அந்தக் கிளாஸைத் துளசி தீர்த்தம் மாதிரி பிடித்துக்கொண்டே நின்றார்.

யாரோ அரைமணி நேரம் பிரெஞ்சில் பேசினார்கள். வக்கீல் நடுவில் இரண்டு தடவை கைதட்டினார். இரண்டும் தப்பான இடம். ஆனால் பிரமாதம் என்பதற்கு ‘மஞ்ஞிஃபிக்’ என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு ஒவ்வொரு பூவின் முன்னாலும் நின்று சொன்னதில், நீதிபதி மனைவி அவரைத் தனியாக அழைத்துப் போய் ஒரு செம்பருத்தியைக் காட்டினார். இரவு வீட்டுக்கு நடக்கும்போது வக்கீல் என்னிடம், பூக்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூட வாடவில்லையே, நாற்பது பூவில் ஒன்றாவது வாட வேண்டாமா என்றார். எனக்குத் திக்கென்றது. படம் பார்க்கத் தெரியாதவர் என்று நினைத்துத்தானே தைரியமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் குருசுக்குப்பத்துக்குப் போய்க் கட்டுமரங்களை வரையலாம் என்று தெரேஸ் அழைத்துப் போனாள். மணலில் உட்கார்ந்து காகிதத்தை விரித்ததும் கூட்டம் கூடிவிட்டது. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்ணின் முகம் எனக்குப் பிடித்துப் போய், சற்று அசையாமல் நிற்கச் சொன்னேன். அவள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். “எவ்ளோ நேரந்தான் இப்டியே நிக்கறது? மீனு நாறிப்பூடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் காகிதத்தில் தங்கின. வக்கீல் கூட்டத்தை விலக்கப் பார்த்து, கூட்டத்தோடு சேர்ந்து அவரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை இரண்டாவது திறப்பு, ஒரு மரக்கடைக்காரரின் கிடங்கில். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர் தான் போன துறைமுகங்களையெல்லாம் ஞாபகத்திலிருந்து வரைந்திருந்தார். மசால் வடை, சுக்குக் காப்பி, பலகை அடுக்கின்மேல் உட்கார இடம். சொற்பொழிவு கிடையாது. இந்தத் துறைமுகத்தில் தண்ணீர் ஏன் பச்சை என்று வக்கீல் கேட்க, அவர் பதில் சொல்ல, மணி ஒன்பதாகிவிட்டது. பார்த்த திறப்புகளில் இதுதான் உசத்தி என்றார் வக்கீல், ஆறாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு.

எனக்கு ஒரு வடையும் இறங்கவில்லை. மறுநாள் மூன்றாவது கண்காட்சி. வீடு திரும்பியதும் தெரேஸைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், என் படத்தை இறக்கிவிடச் சொல் என்று கெஞ்சினேன்.

“எறக்கறதா? கத்தலோகுல, அதான் படப் பட்டியல்ல, பேரு அச்சாயிடுச்சு விசாலம். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். நடுச் சொவத்துல மாட்டிக்கிறாங்க” என்றாள்.

அப்படியானால் இரவே அவரிடம் சொல்லிவிடு என்றாள். சொல்லத்தான் போனேன். வக்கீல் அமலோருடன் உட்கார்ந்து, பிரெஞ்சுச் சட்டத்தில் பெண்டாட்டி பேரில் சொத்து வாங்கினால் என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தவரிடம் எப்படிச் சொல்வது. காலையில் சொல்லலாம் என்று வந்து படுத்தேன். காலையில் ரொட்டி வந்துவிட்டது.

நாலாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் போனோம். பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் வெள்ளைச் சீலை கட்டி எண்பது படம் மாட்டியிருந்தார்கள். ஏற்பாடெல்லாம் பிரெஞ்சு வாத்தியார் லூர்துசாமி, எல்லாரும் ‘முசே லூர்து’ என்கிற ஒல்லியான மனிதர். வக்கீல் அல்பாகா கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் அணிந்து, கிளாஸையும் வாங்கிப் பிடித்துக்கொண்டு, இடது சுவரில் முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் எதையும் வரிசையாகத்தான் செய்வார். நடுச் சுவருக்கு வர அரைமணி ஆகும் என்று கணக்குப் போட்டு, நான் தூணோரம் நின்றேன்.

ஆனால் நடுச் சுவர்ப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் படத்தின் முன்னால் ஏழெட்டுப் பெண்கள். பாதிப் பேர் தமிழர், பாதிப் பேர் வெள்ளைக்காரிகள். பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஒருவரின் மனைவி, பருத்த சரீரத்தோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தெரேஸ் என் பக்கத்தில் வந்து அவர்கள் பிரெஞ்சில் பேசியதைத் தமிழில் சொன்னாள். எங்கள் வீட்டில் இருப்பதும் இதேதான், வயிறு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிது என்கிறாராம் நொத்தேர் மனைவி. அந்தக் கால் கட்டை விரலைப் பாருங்கள், அதுவும் தூங்குகிறது என்கிறாளாம் ஒரு வெள்ளைக்காரி. என்னை அறியாமல் எனக்குப் பெருமை பொங்கியது. அந்தக் கட்டை விரலுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன்.

சிரிப்பைக் கேட்டு வக்கீல் வரிசையை விட்டு வந்தார்.

பெண்கள் விலகி வழி விட்டார்கள். கோட்டும் தலைப்பாகையுமாய் நின்றவர்தான் படத்தில் இருப்பவர் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் படத்தைப் பார்த்தார். சிரித்த முகம் அப்படியே நின்று, பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு அதிலிருந்து வடிந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பிளவு இருக்கும், அவரே கயிறு சுற்றிக் கட்டியது. அதை நான் விடாமல் வரைந்திருந்தேன். அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி, கூடம் முழுவதும் தேடி, தூணோரம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கிளாஸை ஒரு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் வேகமாக நடக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. கடற்கரைச் சாலைக்கு வந்து, கப்பல் சாமான் இறக்குகிற இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் கற்சுவரில் உட்கார்ந்தார். நானும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. சாலையில் பாண்டு வாத்தியக்காரர்கள் வந்து பெஞ்சு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் வர்ணப் பெட்டியைத் தொடாதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் தொட மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். 

“எத்தன நாள் போட்ட?” என்றார்.

“பதினோரு ஞாயித்துக்கெழம.”

“பதினோரு வாரம் நான் தூங்கறப்ப எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தியா?”

ஆமாம் என்றேன். அவர் கடலைப் பார்த்தார். கட்சிக்காரன் எவனாவது இதைப் பார்த்தால், இந்த வாயா நமக்காகப் பேசப் போகிறது என்று கேட்க மாட்டானா என்றார். மாயவரத்தார் யாரும் இங்கே வர மாட்டார்கள் என்று சொன்னேன். நாம் வரவில்லையா என்றார். 

“ஒரு கோயில், ஒரு மரம் வரையக் கூடாதா? நான்தான் கெடச்சேனா?”

“கோயில் வாசல்ல உக்காந்தா என்ன ஆகும்? நேத்து கடற்கரையில நீங்களே பாத்தீங்க. ஒரு பொம்பள பத்து நிமிஷம் நிக்கலை. யாரு என் முன்னாடி அசையாம இருக்கா, சொல்லுங்க. வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க.”

சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கேலி பண்ணுவதற்காகப் போடவில்லை என்றேன். முதல் இரண்டு வாரம் கை பழகத்தான் போட்டேன். அப்புறம் அந்த முகத்தை விட முடியவில்லை. விழித்திருக்கும்போது கோர்ட்டும் கட்சிக்காரனும் அந்த முகத்தில் இருப்பார்கள், தூங்கும்போதுதான் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தச் சுவரில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  பாண்டு ஒரு பாட்டு முழுவதும் வாசித்து முடித்தது.

“என் மூக்கு அவ்ளோ பெரிசா?”

“இருக்கறதத்தான் போட்டேன்.”

“கொஞ்சம் கொறச்சிருக்கலாம்” என்றார். தலைப்பாகையைத் தட்டி மறுபடி வைத்துக்கொண்டு எழுந்தார். வர்ணப் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து இரண்டு பேருமாக மிச்சம் இருந்த காலை ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். பத்து மணிக்கு ரயில். எட்டு மணிக்கே வக்கீல் கோட்டு இல்லாமல், வேட்டியும் மேல்துண்டுமாகப் புறப்பட்டு நின்று, கூட்டம் இல்லாத நேரத்தில் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். தெரேஸும் கூட வந்தாள். கூடத்தில் முசே லூர்து மட்டும் சீலைகளைச் சரி செய்துகொண்டிருந்தார். வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

வக்கீல் உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே ஒட்டியிருந்த பிரெஞ்சு எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். நான் படத்துக்குப் பெயர் வைக்காமல் அனுப்பியிருந்ததால் முசே லூர்துதான் ஒன்று வைத்திருந்தார்.

“லெ சொமேய் து ஜூஸ்த். நீதிமானோட நித்திரைன்னு சொல்லலாங்க. பிரெஞ்சுல ஒரு வழக்கு. மனசுல குத்தமில்லாதவன் தூங்கற தூக்கம்” என்றார் முசே லூர்து.

“நான் வக்கீல்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்களே.”

“அதானே” என்றார் வக்கீல். முசே லூர்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்க எதிரொலித்தது.

அந்தச் சமயத்தில் நொத்தேர் மனைவி வந்தார். என்னைப் பிடிக்கத்தான் காலையிலேயே வந்தாராம். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் வாயில் கை வைத்து, முந்தின நாள் சிரித்ததற்காகத் தெரேஸ் மூலமாக வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, இந்தப் படம் எனக்கு வேண்டும், என் வீட்டுக் கூடத்தில் என் வீட்டுக்காரர் பார்க்கும்படி மாட்டப் போகிறேன், என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார்.

 பதினோரு ஞாயிற்றுக்கிழமையும் மனசில் ஓடின. வீட்டில் அதை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துத்தான் போட்டேன். ஊருக்கு எடுத்துப் போனால் மறுபடி அங்கேதான் போகும். ஆனாலும் கொடுக்க முடியாது போலிருந்தது. வக்கீலைப் பார்த்தேன்.

“குடுத்துடு விசாலம். வீட்லதான் நான் இருக்கேனே” என்றார்.

பதிலுக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாள் வற்புறுத்தவே, அங்கே கிடைக்கிற கெட்டியான சித்திரக் காகிதம் ஒரு கட்டு கேட்டேன். ஒன்று போதாது, இரண்டு கேள் என்றார் வக்கீல்.

படத்தைக் கிட்டத்தில் பார்க்கச் சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தபோதுதான் நொத்தேர் மனைவி கவனித்தார், அதில் கையெழுத்தே இல்லை. பயத்தில் நான் போடாமல் விட்டிருந்தேன். முசே லூர்து தூரிகையும் கறுப்பு மையும் கொண்டுவந்தார். வலது மூலையில், நாற்காலிக் காலுக்குக் கீழே, தமிழில் விசாலாட்சி என்று எழுதினேன். வக்கீல் துண்டால் விசிற ஆரம்பித்தார். மார்கழிக் கடல் காற்றில் ஈரம் அதிகம்; மை சீக்கிரம் காயவில்லை. ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி நின்று அந்த ஐந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணி ரயில் போய்விட்டது.